முள்ளுக்காரியின் குவியல்

நீதான் போட்டாய். நாலு பேர் நடக்கிற பாதையில் முள்ளைக் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கையை வீசிக்கொண்டு போனது நீதான்.

கண்மாய்க் கரையில் காலை வைத்தால் ஆட்காட்டிக் குருவி இதைத்தான் சொல்கிறது. ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவனிடமும் சொல்கிறது, சைக்கிளில் பால் கொண்டு போகிறவனிடமும் சொல்கிறது. யாரைச் சொல்கிறாய் என்று நின்று கேட்டால் பெயர் மட்டும் வராது. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். பிறந்ததிலிருந்து ஒரு முள்ளைக்கூடக் கையால் தொடாதவனுக்கும் அதே ஏச்சுதான். ஏச்சு வாங்குகிறவர்களுக்குக் காரணமாவது தெரிய வேண்டாமா?

விலங்குக்கும் பறவைக்கும் வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இந்தக் குருவிக்கு ஆட்காட்டி என்ற பெயர் கிடையாது. முள்ளுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். குரலும் இப்படி இல்லை. மெதுவான, கீழ்க்குரல். தொண்டை வெள்ளையாக இருக்கும். கண்ணோரத்தில் இந்தச் சிவப்புச் சதையும் இல்லை.

முள்ளுக்காரிக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. மரத்தடியில் ஒதுங்கினால் காகம் விரட்டும். தண்ணீரோரம் நின்றால் கொக்கு விரட்டும். மரக்கிளையைப் பிடித்து உட்கார அவள் காலுக்கு வராது. அதனால் வெட்டவெளியில், கண்மாய்க்குள்ளே தண்ணீர் வற்றிக் காய்ந்த தரையில் முட்டையிட்டாள். முதல் வருஷம் மழை வந்து முட்டையை அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் வருஷமும் போனது. இரண்டு வருஷத்தில் எட்டு முட்டை போயிற்று.

கண்மாய்க்குக் கிழக்கே ஒரு மேடு உண்டு. எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் அது மட்டும் நனைந்து நிற்கும், முங்காது. மேடு எல்லாருக்கும் பொது. வெயில் தாழ எருமை படுக்கும், நரி உட்கார்ந்து நோட்டம் பார்க்கும், முயல் புல் கடிக்கும். மூன்றாம் வருஷம் முள்ளுக்காரி அந்த மேட்டுக்கு நடந்து வந்தாள்.

"இந்த மேட்டை எனக்குக் கொடுங்க."

எருமைதான் அங்கே எல்லாருக்கும் மூத்தது. அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. "எதுக்குத் தாயி?"

"என் முட்டைக்கு."

நரி பல்லைக் காட்டிச் சிரித்தது. "எல்லாருக்கும் பொதுவான மேடு. சும்மாக் கேட்டா சும்மாக் கொடுத்துருவோமா?"

"சும்மா யாரு கேட்டா? உங்க கால்ல முள்ளு ஏறுனா நான் எடுக்கிறேன். எவ்வளவு ஆழத்துல இருந்தாலும் எடுக்கிறேன். எந்த நேரத்துல வந்தாலும் எடுக்கிறேன். அதுக்கு மேடு."

அந்தக் கரை முழுக்கக் கருவேலங்காடு. முள் ஏறாத கால் ஒன்றுகூட அங்கே கிடையாது. தன் காலில் ஏறிய முள்ளைத் தானே எடுக்கத் தெரிந்தவரும் கிடையாது. பல்லால் கடித்து, பாதியை ஒடித்து உள்ளே விட்டுவிட்டு, சீழ் கட்டி நொண்டிக்கொண்டு அலைவார்கள். எல்லாரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

நரி மட்டும் விடவில்லை. "வருஷத்துக்கு ரெண்டு முள்ளு ஏறும். அதுக்குப் போய் முழு மேடா? பாதி மேடு தரேன்."

"பாதி மேடுன்னா பாதி முட்டை நனையும். சரி மாமா, உனக்கு மட்டும் பாதி முள்ளு எடுத்துட்டு மீதியை உள்ளேயே விட்டுர்றேன். சம்மதமா?"

முயல் கெக்கலித்துச் சிரித்தது. நரி முன்னங்காலை மடக்கி அடியில் ஒளித்துக்கொண்டது. யார் முதலில் வாயைத் திறந்து இறங்கி வருகிறாரோ அவர் தோற்றார் என்பது முள்ளுக்காரி அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம். ஆகவே அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஏறிற்று. கடைசியில் எருமைதான் பேசியது.

"எடுத்துக்கோ. ஆனா ஒரு பேச்சு. எடுக்கிற முள்ளை என்ன செய்வே?"

"ஒடிச்சு மண்ணுல புதைச்சிருவேன் அக்கா."

"புதைக்கணும். ஒருத்தர் கால்ல இருந்து நீ எடுத்த முள்ளு இன்னொருத்தர் கால்ல ஏறுச்சுன்னா, அன்னைக்கே மேடு எங்களோடது."

"சம்மதம்."

பேச்சு முடிந்தது.

முள்ளுக்காரி வேலை சுத்தமான வேலை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மேட்டடியில் இரண்டு கல்லைப் போட்டு வைத்திருந்தாள். வருகிறவர் அதன்மேல் காலைத் தூக்கி வைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். இன்னொருவர் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதா என்று.

"அட, நீட்டுங்க. உங்க காலை நான் கும்பிடவா போறேன்? முள்ளைத்தான் பாக்கப் போறேன்" என்பாள்.

காலைப் பார்த்த உடனே மூக்கை விட்டுக் கிண்டமாட்டாள். முள் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறியிருக்கிறது என்று முதலில் பார்ப்பாள். சாய்ந்த வழியிலேதான் இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் ஒடியும். நுனி வெளியே தெரிந்தால் ஒரே இழுப்பு. தெரியாவிட்டால், வெயிலில் சூடேறிய குழித் தண்ணீரில் உவர்மண்ணைக் கரைத்து, அதில் காலை ஊறப் போடச் சொல்வாள். தோல் வெளுத்து மெத்தென்று ஆகும் வரைக்கும் ஊற வேண்டும். பிறகு முள் ஏறிய இடத்துக்கு இரண்டு பக்கமும் அமுக்கினால் பாதி முள் தானே எட்டிப் பார்க்கும். அதற்கும் அசையாத முள் உண்டு. அதற்கு எருக்கம்பால். எருக்கிலையை ஒடித்து, முள் ஏறிய ஓட்டையின் வாயில் இரண்டே சொட்டு வைப்பாள். சுற்றுப்பக்கம் வழியவிட்டால் தோல் பொத்துப்போகும். கண்ணில் பட்டால் கண்ணே போகும். அதனால் வைத்துவிட்டு, காலை அசைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு உட்காரச் சொல்வாள்.

வலிக்குமா என்று கேட்பவர்களிடம் அவள் பொய் சொல்வதில்லை. "வலிக்கும். முள்ளோட நடக்கிறதைவிடக் கம்மியா வலிக்கும்" என்பாள்.

எடுத்த முள்ளை ஒடித்துப் புதைத்துவிடுவாள். அந்த வருஷம் நாலு முட்டையும் பொரிந்து நாலு குஞ்சும் ஓடின. அப்படியே நடந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

நடக்கவில்லை. காரணம் நரி.

நரிக்கு முன்னங்காலில் முள் ஏறி இரண்டு நாள் ஊளையிட்டது. கண்மாய்க்கரையில் யாரையும் தூங்கவிடவில்லை. முள்ளுக்காரி ஊறப்போட்டு, அமுக்கி, எடுத்தாள். நரி காலை நக்கிக்கொண்டே முள்ளைப் பார்த்தது.

"இம்புட்டுத்தானா?"

"ஆமா. இதுக்குத்தான் ரெண்டு நாள் ஒப்பாரி வச்சே."

நரி போய்விட்டது. ஒரு மாதம் கழித்து எல்லாரும் மேட்டடியில் கூடியபோது அதே நரி எழுந்து நின்றது. "இவ என்னத்தைப் பெருசா எடுத்துட்டா? எனக்கு எடுத்தது முள்ளே இல்லை, தூசி. அதை நானே நக்கித் துப்பியிருப்பேன். இந்தத் தூசிக்கெல்லாம் ஒரு மேடா? திருப்பி வாங்குங்க."

முள்ளுக்காரி மற்றவர்களைப் பார்த்தாள். கீரி எங்கேயோ பார்த்தது. முயல், "எனக்கும் சின்ன முள்ளுதான்னு நினைக்கிறேன்" என்றது. அழுதுகொண்டே மூன்று காலில் வந்த முயல் அது. முள் உள்ளே இருக்கிற வரைக்கும்தான் முள். வெளியே வந்துவிட்டால் எல்லாருக்கும் அது தூசி. முள்ளுக்காரியிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. எருமை ஒரு வார்த்தை சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கே மேடு போயிருக்கும்.

"அடுத்த தடவை பார்ப்போம்" என்றது எருமை.

அடுத்த தடவைக்கு முள்ளுக்காரி தயாராக இருந்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு முள்ளையும் ஒடிக்கவில்லை, புதைக்கவில்லை. எடுக்கிற ஒவ்வொரு முள்ளின் அடியிலும் மூக்கால் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். தரையில் கிடந்த முள்ளைப் பொறுக்கி வைத்திருக்கிறாள் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாதல்லவா? அந்த அடையாளத்தோடு மேட்டுக்குப் பின்னால் குவித்து வைத்தாள். அடுத்த கூட்டத்தில் குவியலில் இருந்து ஒரு வாய் அள்ளி வந்து நரி முன்னால் போட்டாள்.

"இந்தா மாமா, போன வாரம் உன் பின்னங்கால்ல இருந்து வந்த தூசி. நக்கித் துப்பு பார்ப்போம்."

அரை விரல் நீளத்துக்கு வெள்ளைவெளேர் என்று, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அடியில் அவள் கிள்ளிய கிள்ளோடு கிடந்தது முள். நரி மூக்கைச் சுருக்கியது. எல்லாரும் சிரித்தார்கள். மேட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எருமை மட்டும் நின்றது. "காட்டினது சரி. காட்டியாச்சுல்ல, இனிமே புதைச்சிரு."

"புதைச்சிர்றேன் அக்கா."

புதைக்கவில்லை. மேலே காய்ந்த கோரைப்புல்லைப் போட்டு மூடி வைத்தாள். ஒரு தடவை ஏமாந்தவளுக்கு வெறுங்கையோடு உட்கார தைரியம் வரவில்லை. குவியல் வளர்ந்தது. அவள் உயரத்துக்கு வந்தது.

மறு வருஷம் ஆடி பிறந்தது. மேட்டில் நாலு முட்டை இருந்தது. அவள் புருஷன் அடைகாத்துக்கொண்டே சொன்னான். "காத்து ஒரு மாதிரியா இருக்கு. பின்னால கிடக்கிறதைப் புதைச்சிரலாம்ல?"

"புதைச்சிட்டு? நாளைக்கு நரி வந்து கேட்டா உன் வாலையா காட்டுறது?"

"காத்து வாரிட்டுப் போயிரும்னு சொல்றேன்."

"நீ முட்டையைப் பாரு. முள்ளை நான் பார்க்கிறேன்."

அன்று உச்சிப்பொழுதில் ஆடிக்காற்று சுழற்றி அடித்தது. முள்ளுக்காரி அப்போது எதிர்க்கரையில் ஒரு நாரையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் மணலுக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு முட்டைமேல் படுத்திருந்தான். மேட்டுக்குப் பின்னால் கிடந்த கோரைப்புல் முதலில் பறந்தது. அதற்குப் பிறகு முள். தண்ணீருக்குப் போகிற பாதை அந்தப் பக்கம்தான் இருந்தது.

முள்ளுக்காரி திரும்பி வரும்போதே கல்லுக்குப் பக்கத்தில் கூட்டம். முயல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கீரி இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கியது. நரி தரையில் உட்கார்ந்து காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, இன்னைக்கு எல்லாரும் சொல்லி வச்சு வந்திருக்கீங்க?" அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இத்தனை கால் ஒரே நாளில் வந்ததில்லை.

"தண்ணிக்குப் போற பாதை முழுக்க முள்ளுடி. எவனோ கொண்டுவந்து கொட்டியிருக்கான்" என்றது முயல்.

முதலில் முயலின் காலைப் பார்த்தாள். கடித்துக் கடித்து அடியை ஒடித்துவிட்டிருந்தது. உள்ளே நுனி மட்டும். எடுத்துப் போட்டாள். கீரியும் அப்படித்தான், நரியும் அப்படித்தான். எல்லாம் ஒடிந்த நுனிகள். வேலை செய்துகொண்டே ஏசினாள். ஏசுவது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி.

"எவன் போட்டான்? நடக்கிற வழியில போடுறவனுக்குக் கால் இல்லையா? அவன் பிள்ளைக்குக் கால் இல்லையா? நான் சொல்றேன் கேளுங்க. போட்டவன் யாரா இருந்தாலும் இந்தக் கரையில இருக்கக் கூடாது. இந்தத் தண்ணியில வாய் வைக்கக் கூடாது. கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

"நீ சொல்றதுதான் நியாயம்" என்றது நரி. ஜென்மத்தில் முதல் தடவையாக அது அவள் பேச்சுக்குத் தலையாட்டியது.

அப்போது எருமை வந்தது. வந்தது என்பதைவிட இழுத்துக்கொண்டு வந்தது என்று சொல்ல வேண்டும். முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. அத்தனை பாரமும் ஏறி அமுக்கியதில், குளம்பின் பிளவுக்குள்ளே முள் அடியோடு முங்கிவிட்டது. வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது.

முள்ளுக்காரி குனிந்து பார்த்தாள். ஏச்சு நின்றுவிட்டது. "அக்கா, இது லேசுல வராது."

"எத்தனை நேரமானாலும் சரி. காலை ஊன்ற முடியலை. தண்ணிக்குப் போக முடியலைன்னா நான் எத்தனை நாளைக்கு?"

உவர்மண் தண்ணீரில் ஊறப்போட்டாள். வெயில் இறங்கும் வரை ஊறிற்று. அமுக்கினாள். அசையவில்லை. எருக்கிலையை ஒடித்து வந்து இரண்டு சொட்டு வைத்தாள். எருமை பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டது.

புருஷன் மேட்டிலிருந்து கழுத்தை நீட்டினான். "ஏய், பின்னாடி அதைப் போய்ப் பார்த்தியா?"

"இப்ப அதுக்கா நேரம்? அக்கா கால் கல்லுமேல கிடக்கு."

அன்றைக்கு முள் வரவில்லை. எருமை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே படுத்தது. மறுநாள் விடிந்ததும் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். எருமையின் கால் எல்லாருக்கும் கவலை. காலை வெயிலில் இன்னொரு தடவை ஊறப்போட்டு, இன்னொரு சொட்டுப் பால் வைத்து, முள்ளுக்காரி இரண்டு பக்கமும் தன் இரண்டு காலையும் வைத்து அமுக்கினாள். தோல் விலகியது. முள்ளின் அடி மெதுவாக எட்டிப் பார்த்தது. சாய்வு பார்த்து மூக்கால் கவ்வி இழுத்தாள். முழு முள், ஒடியாமல், ரத்தத்தோடு வந்தது.

எருமை பெருமூச்சு விட்டது. முள்ளுக்காரி முள்ளைத் தரையில் வைத்தாள். வைத்தவள் பார்த்தாள்.

அடியில் ஒரு கிள்ளு. நறுக்கென்று, அவள் மூக்கு அளவுக்கு.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாதையில் கிடப்பது எவனும் கொட்டிய முள் இல்லை. ஒன்றுவிடாமல் அவள் எடுத்த முள். அவள் கிள்ளிய முள். புதைத்துவிட்டேன் என்று சொல்லிப் புல்லால் மூடிய முள். மேட்டின்மேல் புருஷன் இருந்தான். அவனுக்கு அடியில் நாலு முட்டை இருந்தது. மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

"எங்கே, காட்டு" என்றது எருமை. எடுத்த முள்ளைப் பார்க்காமல் யாருக்கும் மனம் ஆறாது. "இம்புட்டு நேரம் என்னைப் படுத்தினவன் மூஞ்சியைப் பார்க்கிறேன்."

முள்ளுக்காரி முள்ளை மூக்கில் எடுத்தாள். தலையைத் தூக்கினாள். விழுங்கிவிட்டாள்.

"எங்கேடி?"

"விழுந்துருச்சு."

அந்தக் குரலைக் கேட்டு முயல் துள்ளிப் பின்னால் போனது. மெதுவான கீழ்க்குரல் எங்கேயோ போய்விட்டது. தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி ஒரு கிரீச்சு. முள் வயிற்றுக்குப் போகவில்லை. தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. கண்ணோரம் சதையாகப் புடைத்து ரத்தமாகச் சிவந்தது.

எருமை அவளை நிதானமாகப் பார்த்தது. கீழே தேடவில்லை. "உன் தொண்டையில என்னமோ நிக்குது. வாயைத் திற. கொக்கைக் கூப்பிடுறேன். நீட்டு மூக்கு அவனுக்கு. ஒரு இழுப்புல எடுத்துருவான்."

முள்ளுக்காரி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் கொக்கு எடுக்கும். எடுத்தால், "எங்கே, காட்டு" என்று கேட்பார்கள். காட்டினால் அடியில் கிள்ளு இருக்கும்.

எருமை இன்னும் கிட்டே வந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தியது. "இந்தா பாரு. போட்டவங்க யாரா இருந்தாலும், நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாருமாச் சேர்ந்து அரை நாள்ல பொறுக்கிருவோம். மேட்டைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. நான் பேச விடமாட்டேன். சொல்றியா?"

இதைவிடப் பெரிய விட்டுக்கொடுப்பு அவளுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவள் கற்ற பாடம் குறுக்கே வந்தது. முதலில் வாயைத் திறப்பவர் தோற்றார். நேற்று எல்லார் முன்னாலும் தான் சொன்னதும் குறுக்கே வந்தது. இந்தக் கரையில் இருக்கக் கூடாது. இந்தத் தண்ணியில் வாய் வைக்கக் கூடாது. நேற்று அதற்குத் தலையாட்டிய நரியும் அங்கேயே நின்றது.

முள்ளுக்காரி பறந்து எழுந்தாள். பக்கத்தில் நின்ற முயலின் தலைக்கு மேலே போய் நின்று கத்தினாள். "நீதான் போட்டே!"

"நானா? என் கால்லயே ஏறுச்சேடி!"

"அப்ப நீ!" என்று கீரிமேல் பாய்ந்தாள். "நீயா? நீயா?" என்று நரியைச் சுற்றினாள். நரிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. காதை மடக்கிக்கொண்டு நகர்ந்தது.

எருமை தன் காலைக் கல்லிலிருந்து இறக்கியது. ஊன்றிப் பார்த்தது. வலி இல்லை. சுத்தமாக எடுத்திருந்தாள்.

"வாங்க போகலாம்" என்றது மற்றவர்களிடம். பிறகு மேலே பார்த்துச் சொன்னது. "மேடு உன்கிட்டயே இருக்கட்டும் தாயி. கால்தான் இனிமே வராது."

வரவில்லை. யாரும் அந்தக் கல்லில் பிறகு காலை வைக்கவில்லை. தண்ணீருக்கு வேறு பாதை போட்டுக்கொண்டார்கள். மேட்டுக்காகத்தான் அவள் அந்த முள்ளை விழுங்கினாள். மேட்டில் அவளால் ஒரு பொழுது நிம்மதியாக உட்கார முடியவில்லை. தூரத்தில் காலடிச் சத்தம் கேட்டாலே பின்னால் மிச்சம் கிடப்பதைப் பார்க்க வருகிறார்களோ என்று எழுந்து பறந்தாள். அவள் எழ எழ முட்டை குளிர்ந்தது. நாலில் ஒன்று பொரியவில்லை. மீதி மூன்று குஞ்சும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தபோது முதலில் கேட்டது அந்தக் கத்தலைத்தான். அவற்றுக்கும் அதுவே பேச்சாயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் மேட்டை விட்டே போய்விட்டாள். புருஷன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு கூடப் போனான்.

எருமை மட்டும் மற்றவர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லி வைத்தது. யார் முள்ளை யார் எடுத்தாலும், எடுத்த கையோடு காட்ட வேண்டும். காட்டிய கையோடு ஒடிக்க வேண்டும். அது மனிதர் வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஊசியைச் சுட்டு, உப்புத்தண்ணீரில் காலை ஊறப்போட்டு முள் எடுக்கிறவர், எடுத்ததை விரல் நுனியில் வைத்து "இந்தா பாரு" என்று காட்டுகிறார். பார்த்த பிறகு ஒடித்து அடுப்பில் போடுகிறார். எந்த வீட்டிலும் அதைச் சேர்த்து வைப்பதில்லை.

முள்ளுக்காரியின் தொண்டையில் நின்ற முள் நின்றதுதான். ரணம் உள்ளே பரவி வெள்ளைத் தொண்டையும் நெஞ்சும் கறுத்துப்போயின. ஆட்காட்டியின் தொண்டை கறுத்ததும், கண்ணோரம் சிவந்ததும், குரல் கிழிந்ததும் அன்று முதல்தான். இன்றைக்கும் அது மரத்தடிக்கு வராது, யாரோடும் சேராது, வெட்டவெளியில்தான் திரியும். ஆள் நடமாட்டம் இல்லாதபோது மறைந்து நின்று பாருங்கள். நாலடி ஓடும், நிற்கும், குனிந்து தரையில் எதையோ பொறுக்கும். மறுபடி நாலடி ஓடும், நிற்கும், குனியும். பாதையில் கிடப்பதைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆள் தலை தெரிந்தால் போதும், நிமிர்ந்துவிடும். பொறுக்கியது வேறு யாரோ என்பது மாதிரி வானத்துக்குப் போய் நம்மை ஏச ஆரம்பித்துவிடும்.

இத்தனை தலைமுறையாகப் பொறுக்கியும் தீரவில்லை. தனியாகப் பொறுக்கினால் தீராது.

நாங்கள் யாரும் போடவில்லை. உனக்கே தெரியும். எங்களை ஏசியது போதும், கீழே இறங்கி வா. வாயைத் திற. ஒரு இழுப்புதான், வலிக்கும், தொண்டையில் முள்ளோடு கத்துவதைவிடக் கம்மியாகத்தான் வலிக்கும். எடுத்துத் தருகிறோம். நீயே அதைக் காட்டு, நீயே ஒடித்துப் போடு.